ஆனர்ஸ் செமினார் எடுக்கலாமா: சீனியர்களிடம் கேட்க வேண்டியவை

நீலகிரியில் நான் பட்டம் படித்த கல்லூரியில், வரலாற்றுத் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய சிறப்புத் தாள் ஒன்று உண்டு. எல்லோரும் அதை ஆனர்ஸ் செமினார் என்றே சொல்வோம். விருப்பத் தாளைத் தேர்ந்தெடுக்கும் வாரம் வந்துவிட்டால், அந்த வகுப்பைப் பற்றியும் அதை நடத்தும் பேராசிரியையைப் பற்றியும் சீனியர் அக்காக்களும் அண்ணன்களும் சொல்லும் கருத்துகள் விடுதியிலும் கேன்டீனிலும் பேருந்திலும் சுற்றிச் சுற்றி வரும். “மேடம் பாடமே நடத்த மாட்டார்”, “மார்க் கையை விட்டு வராது”, “மூன்று வருடத்தில் நான் உருப்படியாகப் படித்தது அந்த ஒரு தாள்தான்” என்று மூன்று விதமாகவும் கேட்டிருக்கிறேன். அந்த வகுப்பில் படித்து முடித்தவள் என்ற முறையில், இவற்றில் எதை எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பாடம் நடத்த மாட்டார் என்பது உண்மை. ஆனால் அது குறை அன்று, செமினார் என்பதன் இயல்பே அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் ரான்கே தம் மாணவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, மூல ஆவணங்களை அவர்களே சோதித்துப் பார்க்கும்படி பழக்கினார். அந்த வழியில் வந்த வகுப்பு இது. நோட்ஸ் எழுதிக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்து வந்து உட்காருகிறவருக்கு முதல் மாதம் முழுக்க ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். தோழி ஒருத்தி தன் கட்டுரையில், நீலகிரிப் பழங்குடியினரான தொடவர்களைக் குறித்து, “தொடவர்கள் எருமையைத் தெய்வமாக வணங்குகிறார்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தாள். பேராசிரியை அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்விகளை எழுதித் திருப்பிக் கொடுத்தார்: பார்த்தவர் யார்? எப்போது? எந்த மொழியில் கேட்டார்? அவள் அந்த வரியை எடுத்த புத்தகம் வேறொரு புத்தகத்திலிருந்து எடுத்திருந்தது. அதைப் பின்தொடர்ந்து போனால், ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் தொடவர்களைப் பற்றி வெளியிட்ட பெரிய நூலில் போய் நின்றது. ரிவர்ஸ் 1901-02-இல் இங்கே சில மாதங்கள் தங்கி, மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு விசாரித்தவர். அவர் எழுதியிருப்பதோ, புனிதமாகக் கருதப்படும் பால்மனைகள் (பாலைக் கடைந்து வெண்ணெய், நெய் எடுக்கும் இடங்கள்), அவற்றைச் சேர்ந்த எருமை மந்தைகள், அங்கே பணி செய்பவர் காக்க வேண்டிய கட்டுப்பாடுகள் என்று நுணுக்கமாக விரிகிறது. எங்கள் தோழியின் ஒற்றை வரியில் அந்த நுணுக்கம் எதுவுமே மிஞ்சவில்லை. அன்றைய வகுப்பு நேரம் முழுவதும் இதற்கே போனது. வெளியே வந்ததும் ஒருவர் “ஒரு வரிக்காக ஒரு பீரியட் வீண்” என்றார். எனக்கோ அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் பழையபடி படிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு நாங்கள் இருவரும் சொல்லியிருக்கக்கூடிய கருத்துகளை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, ஒரு சீனியர் கருத்துச் சொல்லும்போது அவர் எங்கிருந்து சொல்கிறார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விடுதியில் தங்கிப் படித்தவருக்கு மாலை வகுப்பு நிம்மதியானது. கூடலூருக்கோ மஞ்சூருக்கோ பேருந்து பிடிக்க வேண்டியவருக்கு அதே வகுப்பில் கடைசி அரை மணி நேரம் மனம் பேருந்து நிலையத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் குறை இன்னும் நியாயமானது. வாசிக்கத் தரப்படும் பகுதிகள் ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலம். வாரம் முப்பது நாற்பது பக்கம் என்பது அவர்களுக்கு இரட்டிப்பு வேலை. கட்டுரையைத் தமிழில் எழுத மேடம் அனுமதிப்பார். ஆனால் நாமாகப் போய்க் கேட்டால்தான் இது தெரியவருகிறது. முதல் வகுப்பிலேயே எல்லோருக்கும் சொல்லப்பட வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். வாசிப்பை நான்கு பேராகப் பிரித்துக்கொண்டு, முந்தைய நாள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எங்களுக்குக் கைகொடுத்தது.

மதிப்பெண் பற்றிய பேச்சுக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் 1922-இல் தொடங்கிய ஆனர்ஸ் திட்டத்தில், செமினாரில் படித்த மாணவர்களை இறுதியில் மதிப்பிடுகிறவர்கள் வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள். அங்கே ஆசிரியர் மாணவரின் பக்கம் நின்று அவரைத் தயார்செய்கிறார். எங்கள் தாளிலோ கேள்வி கேட்கிறவரும் அக மதிப்பீடு போடுகிறவரும் ஒருவரே. எனவே மேடத்தின் மீதான பயமும் மார்க் மீதான பயமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவர் கடுமையானவரா என்று கேட்பதைவிட, திருத்தித் தந்த கட்டுரை இருக்கிறதா, காட்டுங்கள் அக்கா என்று கேளுங்கள். ஓரத்தில் அவர் எழுதியிருப்பதைப் பத்து நிமிடம் படித்தால் போதும், அந்தத் திருத்தத்தை உங்களால் ஏற்றுக்கொண்டு திரும்ப எழுத முடியுமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் விடுமுறையிலேயே சிலவற்றைத் தொடங்கிவிடலாம். 1880-இல் கிரிக் தொகுத்த நீலகிரி மாவட்டக் கையேடும், 1908-இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் (அரசின் மாவட்ட விவர நூல்), ரிவர்ஸின் நூலும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மூன்றிலும் ஒரே செய்தி எப்படி வேறுபடுகிறது என்று பார்த்து ஒரு பக்கம் எழுதி வையுங்கள். முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகத்துக்கும் ஒரு முறை போய்வாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களும் சான்றுதான். படகர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு மாணவி, தங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) சாவு நேர்ந்தால் நீலகிரியின் இன்னொரு பழங்குடியினரான கோத்தர்கள் வந்து வாசித்த இசையைப் பற்றித் தன் பாட்டி சொன்னதை வகுப்பில் சொன்னபோது, மேடம் அதை முதலில் பாட்டி பேசிய படுக மொழியிலேயே எழுதச் சொல்லி, பிறகுதான் தமிழில் கேட்டார். அந்தப் பருவத்தில் மிக உயர்ந்த பாராட்டைப் பெற்ற கட்டுரை அதுவே.

பருவ இறுதியில் கருத்துப் படிவம் தருவார்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாக் கட்டத்திலும் ஒரே டிக் போட்டுக் கொடுத்துவிடுகிறவர்களே அதிகம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான கோப்பில் அது சேருமே தவிர, ஆசிரியருக்கும் அடுத்த மாணவருக்கும் அதனால் பயனில்லை. கீழே உள்ள காலி இடத்தில் எழுதுங்கள்: எந்த வார வாசிப்பு தாமதமாக வந்தது, எந்தத் திருத்தம் உதவியது, எது புரியவேயில்லை என்று. எங்கள் வகுப்பில் கூடலூர் மாணவர்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்பு முற்பகலுக்கு மாறியது.