மாக்கல் மேடை: வேலைக் குறிப்புகள்

ஜனவரி 5

சமையல் மேடைக்கு மாக்கல் பலகை வாங்கும்போது முதல் சோதனை நகம்தான். கீறினால் நகத்தோடு மாவாக வந்தால் டால்க் (கல்லை மெதுவாக்கும் கனிமம்) அதிகம். சிலை செதுக்க நல்ல கல், மேடைக்கு ஆகாது. ஆணியால் அழுத்தி இழுத்தால் கோடு விழலாம், நகத்துக்கு மசியக் கூடாது. அடுத்தது எலுமிச்சை. பழத்தை அறுத்து, ஒரு மூடியைத் துண்டுக் கல்லின் மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து, காலையில் கழுவிப் பார்த்தால் தடம் இருக்கக் கூடாது. மங்கிய வட்டம் தெரிந்தால், கறுப்பு மார்பிளை மாக்கல் என்று தலையில் கட்டுகிறார்கள். வெள்ளை நரம்பு ஓடும் இடத்தில் தனியாக ஒருமுறை வைத்துப் பார்க்கவும்.

அமிலத்துக்கு அசையாத கல் என்பதால்தான் வேதியியல் ஆய்வகங்களில் மேசைக்கும் தொட்டிக்கும் இதைப் போட்டார்கள். கல்சட்டியில் வற்றல்குழம்பு வைத்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஜனவரி 8

8 அடிக்கு 2 அடி, 30 மி.மீ. கனம் என்றால் ஏறக்குறைய 125 கிலோ. கீழே கான்கிரீட் தட்டு முழுசாக இருந்தால் 20 மி.மீ. போதும். வெறும் கேபினெட் மேல் உட்காரும் பலகை 30க்குக் குறையக் கூடாது. பலகை உட்காரும் தளத்தில் ரசமட்டம் வைத்து மேடு பள்ளத்தை இன்றே சரிசெய்தாயிற்று. அடியில் காலி இடம் இருந்தால் பின்னால் அந்த இடத்தில்தான் கல் விரிசல் விடும்.

ஜனவரி 10

வெட்டு. கிரானைட் பிளேடு போதும், ஆனால் அவசரப்பட்டுத் தள்ளினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். சிங்க் திறப்புக்கு நான்கு மூலையிலும் முதலில் வட்டத் துளை போட்டு, துளைக்குத் துளை வெட்ட வேண்டும். மூலையைச் சதுரமாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சிங்குக்கு முன்னால் மிஞ்சும் ஒல்லிப் பட்டைதான் பலகையிலேயே பலவீனமான இடம். அதன் மேல் மர ரீப்பரை (நீளச் சட்டத்தை) கிளாம்ப் போட்டு இறுக்கி, பலகையைத் தட்டையாகப் பிடிக்காமல் நிறுத்தியே தூக்க வேண்டும்.

தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், முகமூடி கட்டாயம். சில குவாரிக் கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் இழை கலந்திருக்கும். ‘பவுடர்தானே’ என்று வெறும் முகத்தோடு நிற்பவர்களுக்குச் சொல்லிச் சலித்துவிட்டது.

ஜனவரி 13

மூலையில் இரண்டு பலகை சேரும் இடத்துக்கு எபாக்ஸிப் பசை. வெட்டும்போது வடிந்த கல்தூள் சேற்றை உலர்த்திப் பொடியாக்கி அதில் கலந்தால் நிறம் ஒத்துப்போகும். இணைப்பை சிங்க் திறப்புக்கு நேராக வைக்கக் கூடாது. இந்தக் கட்டத்தில் கல்லில் எண்ணெய் படவே கூடாது, பட்டால் பசை பிடிக்காது. பொங்கல் முடியும்வரை யாரும் தொடப்போவதில்லை. எபாக்ஸி இறுக ஒரு முழு நாள் போதும்.

ஜனவரி 18

வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) 80, 120, 220; எண் கூடக் கூட நைஸ். இணைப்பு வரியைக் கையால் தடவினால் படி தட்டுப்படாத வரை 80லேயே நிற்க வேண்டும். 220க்கு மேல் போகாதீர்கள். கிரானைட் மாதிரி பளபளப்பு எப்படியும் வராது, வழவழப்பு கூடக் கூட ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும். விளிம்பை 5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டியாயிற்று. கூர்மையாக விட்டால் குக்கர் இடிக்கிற முதல் நாளே சில்லு பெயரும்.

ஜனவரி 19

எண்ணெய். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் தடவி, அரை மணி ஊறவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் கரும்பச்சையாகத் திரும்பும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். சிக்குப் பிடித்து நாறும். எண்ணெய் நிறத்துக்கு மட்டும்தான், பாதுகாப்புக்கு அல்ல. நீர் உறிஞ்சாத கல் இது. நீர் இறங்காமல் இருக்க சீலர் பூச்சு அடிக்கச் சொல்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

பிப்ரவரி 9

அடுப்பைச் சுற்றியும் சிங்க் ஓரமும் கருத்து, நடுவில் வெளிறியிருக்கிறது. இது கறை இல்லை, நிறம் சமமாகும்வரை வாரம் ஒருமுறை எண்ணெய், பிறகு மாதம் ஒருமுறை. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைக்கலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. எவர்சில்வர் அண்டாவை இழுத்தால் வெள்ளைக் கோடு விழும். மேலாக இருந்தால் எண்ணெயிலேயே மறையும். ஆழமாக இருந்தால் 120, பிறகு 220, வட்டமாகத் தேய்த்து மறுபடி எண்ணெய். விளிம்பில் திருகி மாட்டும் தேங்காய்த் துருவிக்கு மேலும் கீழும் ரப்பர் துண்டு கொடுத்தே முடுக்க வேண்டும்.