மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பணம்: எந்தத் தலைப்பு, யாரைக் கேட்பது?

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் கழிப்பறைக் குழாய் உடைந்து மூன்று மாதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். எச்.எம்.மைக் கேட்டால் மண்டலப் பொறியாளருக்கு எழுதியாயிற்று என்பார். கவுன்சிலரைக் கேட்டால் எஸ்டிமேட் போயிருக்கிறது என்பார். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த வேலை எந்தச் செலவுத் தலைப்பில் வரும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கு வரும் பணம் ஒரே உண்டியலில் விழுவதில்லை. எந்த உண்டியல் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, நம் சொத்து வரி. அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் அந்தத் தொகைக்குள் கல்வி வரியும் இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. அந்தப் பணம் கல்வி நிதி என்ற தனிக் கணக்கில் சேர வேண்டும். சாலைக்கோ விளக்குக்கோ எடுக்கக் கூடாது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக இதைக் கட்டுகிறார். அதனால் 'நாங்கள் வரி கட்டாதவர்கள், எப்படிக் கேட்பது' என்று எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை.

தலைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இந்த ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று அப்போதைய மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் கொண்டுவந்த யோசனையை மாநகராட்சி ஏற்றது. பின்னர் அது மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. அந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த சேர்க்கை 1924-25இல் 1,671 ஆனது. அப்படியிருந்தும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசு மறுத்ததால் திட்டம் தடைப்பட்டு, பிறகுதான் மீண்டும் உயிர் பெற்றது.

இரண்டாவது, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வருவது. 2024-25இல் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி ஒன்றிய அரசு 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது இந்தத் திட்டத்தின் கீழ்தான். டெல்லியில் நடக்கும் இழுபறியின் சுமை கடைசியில் சாக்பீஸ், துடைப்பம், மின்விசிறி பழுது என்று வகுப்பறையில் வந்து இறங்குகிறது. பிள்ளைகளைப் பணயமாக வைப்பது எந்த வாதத்தாலும் நியாயமாகாது.

மானியத்தின் அளவு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 251 பேர் படிக்கும் பள்ளியில் தலைக்குச் சுமார் 299 ரூபாய். 1,000 பேர் படிக்கும் பள்ளியில் 75 ரூபாய். 1,600 பேர் என்றால் 62 ரூபாய் 50 காசு. நகரத்துப் பெரிய மேல்நிலைப் பள்ளிகள் அடிபடுவது இங்கேதான். மானியத்தில் 10 சதவீதமாவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. 75,000 ரூபாயில் அது 7,500. பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 750 ரூபாய். ஆயிரம் பிள்ளைகள் போய்வரும் கழிப்பறைகளுக்கு 750 ரூபாய் ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் எத்தனை நாள் வரும்? ஆகவே, 'மானியம் என்ன ஆனது' என்று கேட்பதற்கு முன் அது எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். எச்.எம். மீது வரும் சந்தேகங்கள் பல அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை யூடைஸ் (நாடு முழுவதும் உள்ள பள்ளிகளின் விவரத் தொகுப்பு) பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் பதிவு பழைய பள்ளியிலேயே தங்கிவிட்டு, 251 என்பது 250 ஆகிப் போனால், 25,000 ரூபாய் நட்டம். யூடைஸ் பதிவை முடித்து அனுப்பும் முன் வருகைப் பதிவேட்டோடு ஒருமுறை ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு சிக்கல் தாமதம். பிப்ரவரியில் பணம் வந்தால் மார்ச் 31க்குள் பில் போட்டாக வேண்டும். இல்லையென்றால் கைவிட்டுப் போகும். அந்த அவசரத்தில் தேவையானதை விட்டுவிட்டு, சீக்கிரம் கிடைப்பதை வாங்குவார்கள். மருந்து ஒன்றுதான்: தேவைப் பட்டியலை ஜூலையிலேயே தீர்மானமாகப் போட்டு வைப்பது.

தீர்மானம் போடும் இடம் பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவின்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கிருந்து வந்த மானியமாக இருந்தாலும் அதன் செலவைக் கண்காணிப்பது குழுவின் வேலை என்று அதே பிரிவு சொல்கிறது. நடப்பில் பல இடங்களில் தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. வெற்றுப் பக்கத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு வவுச்சரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பிளம்பிங் வேலை, 4,800 ரூபாய்' என்று மட்டும் இருந்தால் அது போதாது. எத்தனை குழாய், ஒன்று என்ன விலை, கூலி எவ்வளவு, எந்தக் கழிப்பறை என்று இருக்க வேண்டும். பில் தேதி தீர்மானத் தேதிக்குப் பிந்தியதா பாருங்கள். அந்தக் குழாய்கள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா பாருங்கள். பிறகு எழுந்து போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். தொடக்கப் பள்ளிகளில் கிளார்க் கிடையாது. பாடமும் நடத்தி, கணக்கும் எழுதுவது எச்.எம்.தான். தணிக்கைக்குப் பயந்து பணத்தைத் தொடாமலே திருப்பிவிடுகிறவர்களும் உண்டு. கணக்கு எழுதத் தெரிந்த பெற்றோர் ஒருவர் மாதம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பயம் போகும்.

இனி குழாய்க்கு வருவோம். குழாய் மட்டும் போயிருந்தால் மானியத்திலேயே மாற்றலாம், தீர்மானம் போதும். சுவருக்குள் இருக்கும் லைன் போயிருந்தால் அது மாநகராட்சிப் பொறியியல் பிரிவின் வேலை: எஸ்டிமேட், டெண்டர், வேலை ஆணை, எம்-புக் (அளவுப் புத்தகம்), பில். அங்கே பார்க்க வேண்டியது எம்-புக். எத்தனை மீட்டர் பைப், எத்தனை சதுர மீட்டர் டைல்ஸ் என்று அளந்து எழுதியிருப்பார்கள். டேப்பை வைத்து நாமும் அளக்கலாம். வேலை முடிந்த சில மாதத்திலேயே ஒழுகினால், ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று பாருங்கள். அது முடியாதவரை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இது தெரியாமல் அதே வேலைக்கு இரண்டாம் முறை மக்கள் பணம் போகக் கூடாது.

பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'ஏன் சரிசெய்யவில்லை' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: 'இந்தப் பள்ளியில் இந்த நிதியாண்டில் நடந்த பழுதுபார்ப்பு வேலைகளின் எஸ்டிமேட், வேலை ஆணை, எம்-புக் பக்கங்கள், பில் ஆகியவற்றின் நகல்.' மனு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டால் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாநகராட்சிக் கணக்கைத் தணிக்கை செய்வது உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. கல்வி நிதி தொடர்பான தணிக்கைப் பத்திகளின் (தணிக்கையாளர் எழுதிய ஆட்சேபங்களின்) நகலையும் தனி மனுவில் கேளுங்கள். வசூலான கல்வி வரி எவ்வளவு, அந்தக் கணக்குக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு என்பதை அதில் தேடுங்கள்.