கருமலை ஏரி: பாதி வழியில் முடியாத யாத்திரை

வேல்ஸ் நாட்டுக் கருமலையில் லின் இ வான் வாக் ஏரியைப் பார்த்தவுடன் பெரும்பாலோர் இறங்கிவிடுகிறார்கள். அது பாதி யாத்திரைதான். அந்த ஏரியின் கதை சில மைல் தள்ளி மத்வை ஊர்த் தேவாலயத்தில் போய் நிற்கிறது.

புறப்பாடு லான்தெய்சாந்த் ஊரிலிருந்து. அந்தப் பெயருக்கு ‘இரு புனிதர் தலம்’ என்று பொருள். தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, சௌதெ ஆற்றோரச் சரளைப் பாதையில் ஒரு மணி நேரம் ஏற வேண்டும். பாதை குழப்பாது, வானிலைதான் ஏமாற்றும். ஏரிக்குப் பின்னால் செங்குத்தான பாறைச் சரிவு. மேகம் இறங்கினால் அதன் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு மேலே ஏறாமல் கரையோடு நின்றுவிடுங்கள். கரையில் இருக்கும் சிறு அணை முதல் உலகப் போர்க் காலத்தது. மனச்சாட்சிப்படி போருக்குப் போக மறுத்தவர்களும் அதில் உழைத்தார்கள். குடிநீருக்காகத் தேக்கிய நீர் என்பதால், முழுக்குப் போடுவதோ கதையை நினைத்து ரொட்டி வீசுவதோ வேண்டாம்.

ரொட்டியில்தான் கதையே தொடங்குகிறது. மாடு மேய்க்க வந்த இளைஞன் நீரின் மேல் ஒரு பெண்ணைக் கண்டு ரொட்டி நீட்டினான். முறுகச் சுட்டது என்று மறுத்தாள். மறுநாள் சுடாத மாவைக் கொண்டுவந்தான், அதையும் மறுத்தாள். மூன்றாம் முறை அரைப்பதமாகச் சுட்டது எடுபட்டது. ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடியுமோ அத்தனை ஆடு, மாடு, குதிரை சீதனம் என்று, திருமணத்துக்குச் சம்மதித்த பெண்ணின் தகப்பனார் சொன்னார். அவளோ ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து’ என்று ஐந்தைந்தாகவே திரும்பத் திரும்ப எண்ணினாள். சாமர்த்தியம்தான்!

நிபந்தனை ஒன்று: கணவன் காரணமில்லாமல் மூன்று முறை அடித்தால் போய்விடுவாள். முதல் அடி, ஞானஸ்நான வீட்டுக்குக் கிளம்பத் தாமதித்தபோது கையுறையால் விளையாட்டாகத் தட்டியது. இரண்டாவது, கல்யாண வீட்டில் அழுதபோது. மூன்றாவது, சாவு வீட்டில் சிரித்தபோது. சீதன மாடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிட்டபடி நீருக்குள் இறங்கினாள். அறுத்துக் கொக்கியில் தொங்கவிட்டிருந்த கன்றும் உயிர்பெற்றுப் பின்னால் போனதாம். அவள் மறுபடி தலைகாட்டுவாள் என்று ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று ஏரிக்கு ஏறிவரும் வழக்கம் முன்பு இருந்தது.

ஆனால் ரிவாலன் முதலான தன் மகன்களுக்குத் தோன்றி, ‘மருத்துவர் பள்ளம்’ என்று இன்றும் சொல்லப்படும் இடத்தில் மூலிகைகளைக் காட்டிக்கொடுத்தாள் என்பார்கள். இங்கிருந்து கதை வரலாற்றோடு கலக்கிறது. ரிவாலனும் அவர் பிள்ளைகளும் 13ஆம் நூற்றாண்டில் ரீஸ் கிரிக் என்ற சிற்றரசரின் மருத்துவர்கள். அவர்களது மருந்துக் குறிப்புகள் பழைய வேல்ஸ் ஏடுகளில் இருக்கின்றன.

ஆகவே மலையிறங்கியதும் வண்டியை மத்வைக்கு விடுங்கள். தேவாலய முகப்பு மண்டபத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. 1719இல் இறந்த டேவிட் ஜோன்ஸ், 1739இல் இறந்த ஜான் ஜோன்ஸ் என்ற இரு மருத்துவர்களின் பெயர் அதில் உண்டு. ஏரிப்பெண்ணின் வழிவந்தவர்கள் என்று ஊர் நம்பும் பரம்பரை அவர்களுடையது.