எது எத்தனை முறை?
பினாங்கில் நம் பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலில் எது எத்தனை முறை வருகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக கவுன்ட் (count) என்ற கட்டளை போட்டு முழுப் பட்டியலையும் திரும்பத் திரும்ப அலச விடாதீர்கள். கலெக்‌ஷன்ஸ் (collections) என்று பைத்தானோடே வரும் தொகுப்பில் எண்ணுவதற்கென்றே கவுன்டர் (Counter) இருக்கிறது, 2.7, 3.1 பதிப்புகளிலிருந்தே. ரொட்டி சானாய், தே தாரிக், மீ கோரெங் என்று நாள் முழுக்க வந்த ஆர்டர்களை அதில் கொட்டினால் ஒரே ஓட்டத்தில் எண்ணி முடித்துவிடும், யாருமே கேட்காத அயிட்டத்தைக் கேட்டாலும் பிழை காட்டாமல் 0 என்று சொல்லும். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்புறம், தமிழ் எழுத்துகளை எண்ணும்போது கவனம். ‘கி’யைக் கொடுத்தால் க தனி, இகரக் குறி தனி என்று இரண்டாக எண்ணும், அதனால் முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்துவிட்டுக் கொடுங்கள்.