பழைய குழாயை நான் கொடுக்கவில்லை

வாஷிங் மெஷின் வாங்கி எட்டாவது மாதம். அதற்குத் தண்ணீர் வரும் குழாயின் பிளாஸ்டிக் மரை ராத்திரியில் உடைந்து, விடிந்தபோது வீடு முழுக்கத் தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த அப்பாவின் புத்தகங்கள் ஊறிப்போயிருந்தன.

கடையிலிருந்து வந்தவர் நல்ல மனிதர். புதுக் குழாயை மாட்டிவிட்டு, பழையதைத் தன் பையில் போடப் போனார். "அது இங்கேயே இருக்கட்டுங்க" என்றேன். நல்லவேளை! வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், உடைந்த இடத்தில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே கடுகு கடுகாகக் காற்றுக்குமிழ்கள். வார்க்கும்போதே விழுந்த குறை.

"அதான் மாத்திக் கொடுத்துட்டோமே" என்றார்கள் கடையில். சரி, குழாய் வந்துவிட்டது. அலமாரி? புத்தகங்கள்? பழுதான பொருளை மாற்றுவது ஒன்று, அந்தப் பழுதால் வந்த சேதத்துக்கு ஈடு தருவது இன்னொன்று. என் வாரண்டி அட்டையில் முதலாவது மட்டும்தான் இருந்தது. இரண்டாவதை நாமே கேட்டால்தான் உண்டு என்பதில் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. நுகர்வோருக்கு முறையான குறைதீர்ப்பு வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டுதல் கொடுத்ததே 1985-இல்.

அப்புறம் போனில் பேசுவதை நிறுத்தினேன். கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே கடிதம்: வாங்கிய தேதி, சீரியல் எண், குமிழ் தெரியும் படங்கள், சேதப் பட்டியல், பதிலுக்கு 14 நாள் கெடு. பன்னிரண்டாம் நாள் தயாரிப்பாளர் பணம் தர ஒத்துக்கொண்டார்.

அப்பா ஓரங்களில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்புகளைப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. ஒட்டிப்போன அந்தப் பக்கங்களை இன்னும் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.