கண் தெரியாத பிரவுனியும் இன்சுலினுக்கான அலைச்சலும்

வயது முதிர்ந்த, கண் பார்வை இழந்த, நீரிழிவு உள்ள நாயொன்றை மட்டக்களப்பில் இருந்துகொண்டு தத்தெடுத்து வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்றே சொல்வேன். ஆனால் படிவத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன்னரே, அந்த நாய்க்குரிய இன்சுலினை எந்தப் பார்மசி, யாருடைய மருந்துச் சீட்டை ஏற்றுக்கொண்டு தரும் என்பதை நேரில் போய்க் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிரவுனியைக் கொண்டுவந்த பின்னர் நாங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதி அவளுடைய முதுமையால் வந்ததல்ல, கண் தெரியாமையால் வந்ததும் அல்ல. நாய்க்கும் சீனி வருத்தம் வரும் என்பதை நம்ப மறுத்தவர்களாலும், மாட்டையும் மனிதரையும் மட்டுமே மனத்தில் வைத்து அமைந்திருக்கும் நடைமுறைகளாலும் வந்தது.

கண்டிப் பக்கத்துக் குடும்பமொன்று வெளிநாடு போனபோது விட்டுச் சென்ற நாய் அவள். தெருவில் நின்றவளை அங்குள்ள சிலர் மீட்டெடுத்து, அவள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதையும் நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போவதையும் கண்டு இரத்தத்தைச் சோதித்தபோதுதான் நீரிழிவு தெரியவந்தது. பத்து வயதுக்குக் குறையாது என்றார் மிருக வைத்தியர். வளர்ந்த நாயின் வயதைப் பல்லைப் பார்த்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதையும் அவரே சொன்னார். நீரிழிவு வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் காலப்போக்கில் கண்ணில் புரை படரும். பிரவுனியின் இரண்டு கண்களும் அப்போதே வெளுத்துப்போயிருந்தன. கருப்பை அகற்றப்படாத பெட்டை நாய்க்கு ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் இன்சுலின் வேலை செய்வது தடைப்படும் என்பதால், சத்திர சிகிச்சையை முடித்த பின்னரே தருவோம் என்று மீட்டவர்கள் உறுதியாக நின்றார்கள். அவர்கள் நின்றது சரி. சிகிச்சைக்குப் பின் அவளுக்குத் தேவைப்பட்ட மருந்தின் அளவு கண்கூடாகக் குறைந்தது.

அடையாள அட்டைப் பிரதி, வீட்டின் படங்கள், தொலைபேசியில் ஒரு நீண்ட உரையாடல் என்று தத்தெடுப்பு நடைமுறை சிக்கலில்லாமல் முடிந்தது. அதில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். வளவிலுள்ள கிணற்றைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள்; கட்டு முழங்கால் உயரத்துக்குத்தான் இருக்கிறது என்று கண்டதும், இரும்புச் சட்டத்தில் கம்பி வலை அடித்து மூடும்வரை நாயைத் தர முடியாது என்றார்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எங்கள் எழுவான்கரையில் கிணறு இல்லாத வளவு அரிது. கண் தெரியாத நாயை எடுக்க நினைப்பவர்கள் படுக்கை, சங்கிலி, சாப்பாட்டுக் கிண்ணம் எல்லாவற்றுக்கும் முன்பாகக் கிணற்றைப் பாருங்கள்.

முதல் ஏமாற்றம் வாகனத்தில் வந்தது. கண்டியிலிருந்து மஹியங்கனை, பதியத்தலாவ, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பாதையில் வர ஒரு வான்காரரோடு தொலைபேசியில் எல்லாம் பேசி, நாய் வருகிறது என்பதையும் தெளிவாகச் சொல்லித்தான் புறப்பட்டேன். வாசலுக்கு வந்து பிரவுனியைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. நாய் என்றுதானே சொன்னீர்கள், வருத்தக்கார நாய் என்று சொல்லவில்லையே என்றார். கூடுதலாகப் பணம் தருகிறேன், இருக்கை முழுவதற்கும் பொலித்தீன் விரித்துக்கொள்கிறேன் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. நாயை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். அடுத்த முறை, வீட்டில் நாய் வளர்க்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, பிரவுனியின் காணொளியை முன்கூட்டியே அனுப்பி, சம்மதத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே போனேன்.

இன்சுலின் போடும் நாயோடு நெடும்பயணம் வருவோர் ஊசி நேரத்தை முதலில் கணக்கிட வேண்டும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, சாப்பாடு கொடுத்து அது வயிற்றில் தங்குகிறது என்று கண்ட பிறகே ஊசி. மஹியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையில் வாந்தி எடுக்காத நாய் குறைவு. ஊசி போட்ட பின் உணவை வாந்தி எடுத்துவிட்டால் சீனி அபாயகரமாகக் குறைந்துவிடும். ஆகவே காலை ஊசியின் அளவையும் புறப்படும் நேரத்தையும் வைத்தியரிடமே கேட்டு எழுதி வாங்கி, கையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு வந்தேன். பிரவுனி வழி முழுவதும் என் மடியில் தலையை வைத்துத் தூங்கினாள்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. பழைய உரிமையாளர்கள் அதைக் கொடுக்காமலே போய்விட்டார்கள். மீட்டவர்களிடம் இருந்தது சிகிச்சைக் குறிப்பின் நிழற்பிரதி மட்டுமே. நம் நாட்டில் நாய்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. பதிவுக்குப் போனால் விசர்நாய்த் தடுப்பூசி போட்டதற்கான சான்றைக் கேட்கிறார்கள். சான்றில்லை என்றால் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம் என்பது எளிய தீர்வுதான். ஆனால் எங்கே போடுவது என்பதில் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது. சுகாதாரப் பக்கத்தில் கேட்டால், நடமாடும் தடுப்பூசி முகாம் ஊருக்கு வரும்போது கொண்டுவாருங்கள், இல்லையென்றால் மிருக வைத்தியரிடம் போங்கள் என்றார்கள். மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போனால், வைத்தியர் மாடுகளுக்கு ஊசி போட வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று சொல்ல முடியாது என்றார் முன்மேசையில் இருந்தவர். கண் தெரியாத நாயை உச்சி வெயிலில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், தொலைபேசி இலக்கத்தையாவது தாருங்கள் என்று கேட்டதற்கு, அலுவலக நேரத்தில் வந்து பாருங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. நான் நின்றதே அலுவலக நேரத்தில்தான்.

அந்த வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னர் ஒரு காலை வேளையில் அவரைச் சந்தித்தபோது, பிரவுனியை முழுமையாகப் பரிசோதித்து, சீனி கட்டுப்பாட்டில் இருப்பதால் தடுப்பூசி போடலாம் என்று சொல்லிப் போட்டுவிட்டார். புதிய அட்டையையும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கான மாடுகள் மேயும் ஒரு மாவட்டத்தில் அவருடைய நாள் எங்கே கழியும் என்பது எனக்கும் தெரியும். என் கோபம் எல்லாம் ஒரு தகவலைச் சொல்லக்கூட வாய் வராதவர்கள் மீதுதான். செல்லப் பிராணியோடு போகிறவர்கள் வைத்தியர் வெளிக்களத்துக்குப் புறப்படுவதற்கு முன்னர், காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். முதலில் நாயில்லாமல் தனியே போய் நாளைக் குறித்துக்கொண்டு வருவது இன்னும் நல்லது.

இனி இன்சுலின். மனிதரில் பலருக்குச் சீனி வருத்தத்துக்கு மாத்திரை போதும். நாய்க்கு அது போதாது, ஊசி கட்டாயம். மீட்டவர்கள் தந்துவிட்ட குப்பி முடியப்போகும் நேரத்தில், கண்டி வைத்தியரின் மருந்துச் சீட்டோடு நகரத்திலுள்ள பார்மசி ஒன்றுக்குப் போனேன். சீட்டை வாங்கிப் பார்த்தவர், “பேஷன்டுட பெயர் என்ன மிஸ்?” என்று கேட்டார். பிரவுனி என்றேன். வயதைக் கேட்டார், சொன்னேன். பிள்ளைக்கா என்றார். நாய்க்கு என்றதும் சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு, “நாய்க்கெல்லாம் இன்சுலின் தர ஏலாது மிஸ், மாத்திரை ஏதும் குடுத்துப் பாருங்க” என்றார். மாத்திரை ஏன் உதவாது என்று நான் விளக்கத் தொடங்கியபோது அவர் அடுத்தவருடைய சீட்டை வாங்கிவிட்டார். மற்றொரு கடையில், மனித வைத்தியரின் சீட்டும் நோயாளியின் அடையாள அட்டை இலக்கமும் கொண்டுவந்தால் தருவதாகச் சொன்னார்கள். அங்கே நின்ற ஒரு பெரியவர் இரக்கத்தோடுதான், “இந்தக் காசுக்கு ரெண்டு குட்டி நாய் வளர்க்கலாமே மகள்” என்றார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துக்காக மனிதர்கள் எப்படி அலைந்தார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் கண்டோம். மருந்து நாய்க்குப் போனால் மனிதருக்கு இல்லாமல் போய்விடுமோ என்று ஒரு மருந்தாளர் தயங்கினால் அது எனக்கு விளங்கும். ஆனால் இப்போது குப்பிகள் குளிர்ப்பெட்டியில் வரிசையாக அடுக்கியிருக்க, முழு விலையையும் கையில் வைத்துக்கொண்டு, பதிவு பெற்ற மிருக வைத்தியரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சீட்டை நீட்டும் ஒருவரை வாசித்தும் பாராமல் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் தட்டுப்பாடு அல்ல. என் பெரியம்மா அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தனக்குத் தரும் இன்சுலினில் கொஞ்சம் தருகிறேன் என்றார். அதை வாங்க நான் மறுத்துவிட்டேன். அது அவருடைய உயிருக்குத் தருவது. அது மட்டுமன்றி, ஒருவருக்கு எழுதிய இன்சுலின் வகை மற்றவருக்குப் பொருந்தும் என்பதும் இல்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒரு கடிதம். ஊர் மிருக வைத்தியரிடம் திரும்பவும் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் தன் கடிதத் தலைப்பில், இந்த நாய்க்கு நீரிழிவு உறுதி செய்யப்பட்டுள்ளது, வாழ்நாள் முழுவதும் இன்சுலின் தேவை, மருந்தின் வகை இது, செறிவு இது, மாதத்துக்கு இவ்வளவு வேண்டும் என்று எழுதி, பிரவுனியின் தடுப்பூசி அட்டை இலக்கத்தையும் சேர்த்துத் தந்தார். அந்தக் கடிதத்தோடு வேறொரு சிறிய பார்மசிக்குப் போனேன். அதை நடத்தும் அக்கா முழுவதையும் வாசித்தார், தொலைபேசியில் வைத்தியரை அழைத்துப் பேசினார், பிறகு குப்பியை எடுத்துத் தந்தார். கடை வாசலில் நின்று நான் அழுதுவிட்டேன்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் இதில் தவறினால் நாய் இறந்துவிடும். இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகு செறிவுள்ள இன்சுலினும் அதற்குரிய ஊசிகளும் பரவலாகக் கிடைக்கின்றன. எனக்குக் கிடைத்த குப்பி 100 அலகு செறிவுள்ளது. மீட்டவர்களுக்கு யாரோ இந்தியாவிலிருந்து கொண்டுவந்து அன்பளிப்பாகக் கொடுத்த ஊசிகள் பிரவுனியின் பையில் கிடந்தன. அவற்றின் மூடி சிவப்பு, பார்மசியில் தந்தவற்றின் மூடி செம்மஞ்சள். நிறம் மாறியிருக்கிறதே என்று ஊசியின் உடலில் அச்சிட்டிருந்ததை வாசித்தபோதுதான் ஒன்று 40க்கு உரியது, மற்றது 100க்கு உரியது என்று தெரிந்தது. 40க்கான ஊசியில் 100 அலகு மருந்தை அதே கோட்டுக்கு இழுத்தால் உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. அந்தச் சிவப்பு மூடி ஊசிகள் அனைத்தையும் அன்றே அழித்துவிட்டோம். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள். மருந்துச் சீட்டிலும் செறிவை எழுதித் தரச் சொல்லுங்கள்.

திறக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அது உதவாது. மாரி மழையில் கரண்ட் நாள் முழுவதும் போகும்போது பெட்டியை அடிக்கடி திறக்காமல் இருந்தாலே சில மணித்தியாலங்களுக்குக் குளிர் தாங்கும். கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்கள்தான் கடினமானவை. அப்போது மின்வெட்டு வந்தால், ஈர மணல் நிரப்பிய பெரிய மண் சட்டிக்குள் சிறிய சட்டியை இறக்கி, குப்பியைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்து, ஈரத் துணியால் மூடிவிடுகிறோம். அந்த வறண்ட காற்றில் ஈரம் வேகமாக ஆவியாவதால் உள்ளே நன்றாகவே குளிர்கிறது. எங்களுடையது கலங்கலாக இருக்கும் வகை என்பதால், குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டிவிட்டே இழுப்போம்.

அயலவர்களையும் ஆயத்தப்படுத்த வேண்டும். பிரவுனியைக் கண்டு இரங்காதவர்கள் இல்லை. அந்த இரக்கம் மாரி பிஸ்கட்டாகவும் தைப்பொங்கல் அன்று சர்க்கரைப் பொங்கலாகவும் வேலிக்கு மேலால் வந்தது. பக்கத்து வீட்டு மாமியிடம் உட்கார்ந்து பேசி, அவர் ஆசைக்குக் கொடுக்க அவித்த கோழி இறைச்சித் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று வைத்தியர் சொன்ன கணக்கையும் சொல்லிக் கொடுத்துவிட்டோம். இப்போது வேறு யாரும் எதையும் கொடுக்காமல் காவல் இருப்பவரே அவர்தான். நாய் தள்ளாடினாலோ, நடுங்கினாலோ, கூப்பிட்டும் விளங்காமல் நின்றாலோ சீனி குறைந்திருக்கலாம் என்பதையும், உடனே தேனையோ கரைத்த குளுக்கோஸையோ விரலால் முரசில் தடவிவிட்டு வைத்தியரை அழைக்க வேண்டும் என்பதையும் அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறோம். வலிப்பு வந்திருக்கும்போது வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். வீட்டில் சீனி பார்க்கும் கருவி இருந்தால் காது மடலின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் மனிதருக்கான கருவிகள் நாயின் இரத்தத்தில் பெரும்பாலும் உண்மையிலும் குறைவாகவே காட்டும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து மருந்தின் அளவை நீங்களே மாற்றாதீர்கள்.

கண் தெரியாமையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தளபாடங்களை இடம் மாற்றாமல் விட்டதும், குசினிப் படியில் ஒரு சாக்கை விரித்ததும் போதுமாக இருந்தன. சில நாட்களில் வளவு முழுவதையும் மூக்கால் படித்துக்கொண்டாள்.

பதிவும் கிடைத்துவிட்டது. வயது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எழுதுநர் தயங்கியபோது, வைத்தியரின் கடிதத்தைக் காட்டினேன். அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். அந்தக் கடிதத்தின் பிரதிகளை இப்போது வீட்டிலும், ஓட்டோக்கார அண்ணனிடமும், பார்மசியிலும் வைத்திருக்கிறேன். பார்மசி அக்கா மாத முடிவுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் அடுத்த குப்பியைத் தருவித்து வைக்கிறார். வேறு யாரும் இப்படியொரு நாயை எடுத்திருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத் தருவிக்க ஆயத்தமாக இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அப்படி வாங்கப் போகிறவர்கள் வைத்தியரின் முத்திரை உள்ள கடிதத்தின் மூலப்பிரதியோடு போங்கள். வெறும் சீட்டை அவரும் ஏற்கமாட்டார்.