எண்ணெய் மேற்கே, மக்கள் தெற்கே, அதிகாரம் வடக்கே

சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்த நாடுகளில் கஜகஸ்தானைப் பற்றித்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன். எண்ணெய் வளத்தைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் பீப்பாய்க் கணக்கில் தொடங்கி டாலர் கணக்கில் முடிந்துவிடுகின்றன. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அவற்றைவிடத் தூரத்தின் கணக்கே முதலில் வேண்டும் என்பது என் எண்ணம். சுமார் 27 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, உலகின் ஒன்பதாவது பெரிய நாட்டில் ஏறத்தாழ 2 கோடி மக்களே வாழ்கிறார்கள். பெருங்கடலுக்குச் செல்ல வழியில்லாத நாடுகளில் இதுவே மிகப் பெரியது. மேற்கெல்லையில் காஸ்பியன் கடல் இருக்கிறது என்றாலும், அது நாற்புறமும் நிலம் சூழ்ந்த நீர்ப்பரப்பு என்பதால் அங்கிருந்து புறப்படும் கப்பல் உலகச் சந்தைக்கு நேராகப் போய்ச் சேர முடியாது. வடக்கிலும் மேற்கிலும் ரஷ்யாவுடன் 7,500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நில எல்லை நீள்கிறது.

இந்த நிலப்பரப்பின் ஏற்ற இறக்கம் வியப்பூட்டுவது. காஸ்பியன் கரையில் உள்ள கரகியே பள்ளம் கடல் மட்டத்துக்கு 132 மீட்டர் கீழே கிடக்க, தென்கிழக்கு மூலையில் தியான் ஷான் மலைத்தொடரின் கான் தெங்ரி சிகரம் 7,000 மீட்டரைத் தொட்டு நிற்கிறது. இடையில் இருப்பதெல்லாம் புல்வெளியும் பாலையும்தான். எண்ணெயில் பெரும்பகுதி மேற்கே, அத்திராவ், மங்கிஸ்தாவ் மாகாணங்களையும் அவற்றையொட்டிய பகுதிகளையும் சுற்றியே கிடைக்கிறது. மக்களில் பெரும்பகுதியினரோ மலையிலிருந்து இறங்கும் ஆறுகளை நம்பித் தெற்கே, அல்மாத்தி, சிம்கெந்த், துர்கிஸ்தான் பகுதிகளில் வாழ்கிறார்கள். அதிகாரம் 1997ஆம் ஆண்டு அல்மாத்தியிலிருந்து வடக்குப் புல்வெளிக்கு, இன்று அஸ்தானா எனப்படும் நகருக்குக் குடிபெயர்ந்தது.

அல்மாத்தி நிலநடுக்கப் பகுதியில் இருக்கிறது, சீன எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது, மேலும் விரிவடைய அங்கே இடமில்லை என்பவை தலைநகர் மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். வெளிப்படையாகச் சொல்லப்படாத காரணமே வலுவானது என்று நான் நினைக்கிறேன். 1930களின் தொடக்கத்தில் கால்நடைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் மக்களைத் திணித்த ஸ்டாலின் காலக் கொள்கையால் எழுந்த பஞ்சம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பிறகு 1954இல் தொடங்கிய தரிசு நிலத் திட்டம் ரஷ்யர்களையும் உக்ரேனியர்களையும் பெருமளவில் வடக்கே குடியேற்றியது. விளைவாக, 1959ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கஜக் மக்கள் தங்கள் சொந்த மண்ணிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தார்கள். ரஷ்யர்கள் அடர்ந்து வாழ்ந்த வடக்கை நாட்டோடு இறுக்கிக் கட்டுவதற்குத் தலைநகரையே அங்கே கொண்டுபோய் வைப்பதைவிட உறுதியான வழி வேறு இருந்திருக்க முடியாது. இன்று மக்கள்தொகையில் சுமார் 70 விழுக்காடு கஜக் மக்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். இங்கே முதல் எண்ணெய் 1899இல் அத்திராவ் பகுதியில் உள்ள கரசுங்குல் என்னும் இடத்தில் பீறிட்டது. ஆனால் நாட்டின் தலையெழுத்தை மாற்றியது 1979இல் கண்டறியப்பட்ட தெங்கிஸ் வயல்தான். நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தில், நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்து கிடந்த அந்த எண்ணெயைக் கையாளும் தொழில்நுட்பம் சோவியத் பொறியாளர்களிடம் போதுமான அளவு இருக்கவில்லை. 1985இல் அங்கே ஒரு கிணறு வெடித்துப் பற்றி, அணைக்க வழியின்றி ஓராண்டுக்கும் மேலாக எரிந்துகொண்டே இருந்தது. விடுதலைக்குப் பின் 1993இல் செவ்ரான் நிறுவனத்துடன் 40 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று தெங்கிஸில் செவ்ரானுக்குப் பாதிப் பங்கும், எக்ஸான்மொபிலுக்குக் கால் பங்கும் இருக்க, மண்ணுக்குச் சொந்தமான நாட்டின் அரசு நிறுவனமான கஸ்முனாய்காஸிடம் இருப்பது 20 விழுக்காடு. வரியும் உரிமத் தொகையும் தனியே வருகின்றன என்பது உண்மைதான். ஆயினும் புதிதாகப் பிறந்த ஒரு நாடு, கையில் பணமோ தொழில்நுட்பமோ இல்லாத வேளையில் பேரம் பேசியதன் தழும்பு அந்த எண்ணில் தெரிகிறது.

கஷகான் கதை இன்னும் கடினமானது. 2000ஆம் ஆண்டு வடக்குக் காஸ்பியனில் கண்டறியப்பட்ட இந்த வயல், உலகில் அண்மைச் சில பத்தாண்டுகளில் கிடைத்தவற்றில் மிகப் பெரிய ஒன்று. அங்கே கடலின் ஆழம் மூன்று நான்கு மீட்டர் மட்டுமே. குளிர்காலத்தில் கடல் உறைந்து, காற்று தள்ளும் பனிப்பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதிர்ப்படும் எதையும் நசுக்கிவிடும். அதனால் வழக்கமான கடல் மேடைகளைத் தவிர்த்து, பாறையைக் கொண்டுவந்து கொட்டிச் செயற்கைத் தீவுகளை எழுப்பினார்கள். 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. சில வாரங்களுக்குள் குழாயில் வாயு கசிந்தது. அடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினார்கள், மீண்டும் கசிந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடு எஃகைத் தாக்கி, குழாய் நெடுகக் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளை உண்டாக்கியிருந்தது. தீவிலிருந்து கரைக்கு வரும் எண்ணெய்க் குழாய், வாயுக் குழாய் இரண்டையும், மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்துக்கு, முழுமையாகப் பிடுங்கிவிட்டு மாற்ற வேண்டியதாயிற்று. உற்பத்தி மீண்டும் தொடங்கியது 2016இல்தான்.

எடுத்த எண்ணெயை விற்க வேண்டுமே. ஆண்டுக்குச் சுமார் 9 கோடி டன் எடுக்கும் நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு ஒரே குழாய்த்தடத்தில் போகிறது. 2001இல் திறக்கப்பட்ட காஸ்பியன் குழாய்த்தடக் கூட்டமைப்பின் தடம், தெங்கிஸிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் ஓடி, கருங்கடலில் உள்ள ரஷ்யத் துறைமுகமான நொவொரொசீஸ்க்கை அடைகிறது. அதன் நீளத்தில் பெரும்பகுதி ரஷ்ய மண்ணில் கிடக்கிறது. 2022 ஜூலை 4 அன்று கஜகஸ்தான் அதிபர் காசிம்-ஜோமார்ட் டோகாயெவ், ஐரோப்பாவின் எரிசக்தித் தட்டுப்பாட்டுக்கு உதவத் தயார் என்று ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களில் ஒருவரிடம் தெரிவித்தார். மறுநாளே ஒரு ரஷ்ய நீதிமன்றம், எண்ணெய்க் கசிவு தொடர்பான ஆவணக் குறைபாடுகளைக் காட்டி, அந்தக் குழாய்த்தடத்தை 30 நாள் மூடச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 2 லட்சம் ரூபிள் அபராதமாகச் சுருங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு எழுத்தில் சான்று கிடையாது, ஆனால் அஸ்தானாவில் அதைப் புரிந்துகொள்ளாதவர் எவரும் இருந்திருக்க மாட்டார்கள். காஸ்பியனைக் கப்பலில் கடந்து அஜர்பைஜானின் பாகூவுக்குக் கொண்டுசென்று, அங்கிருந்து துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகத்துக்கு அனுப்பும் மாற்று வழி இருக்கிறது. சீனாவுக்கும் ஒரு குழாய் போகிறது. இரண்டையும் சேர்த்தாலும் நொவொரொசீஸ்க் தடத்துக்கு ஈடாகாது. போதாக்குறைக்குக் காஸ்பியனின் நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கிவருவதால் கஜகஸ்தானின் அக்தாவ் துறைமுகத்தில் கப்பல்கள் முழுச் சுமை ஏற்றுவதே சிக்கலாகிவருகிறது.

ஆட்சியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதிபரின் கையில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கொடுத்தது. மாகாண ஆளுநர்களான அகிம்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கம்யூனிஸ்ட் கட்சியின் முதன்மைச் செயலாளராக இருந்த நுர்சுல்தான் நசர்பாயெவ் அப்படியே நாட்டின் முதல் அதிபரானார். 2015 தேர்தலில் அவருக்கு 97.7 விழுக்காடு வாக்குகள் கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. 2019இல் பதவி விலகிய பின்னும் பாதுகாப்புக் குழுத் தலைமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார், தலைநகருக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அந்தப் பெயர் மூன்றரை ஆண்டுதான் நிலைத்தது. அது ஏன் நிலைக்கவில்லை என்பதைச் சொல்ல ஜனவோசென் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

மங்கிஸ்தாவ் பாலையில், ஓசென் எண்ணெய் வயலுக்காக 1960களில் எழுப்பப்பட்ட நகரம் அது. அந்தப் பகுதியில் ஆறு இல்லை. குடிநீர், வோல்கா ஆற்றின் கிளையொன்றிலிருந்து பல நூறு கிலோமீட்டர் குழாய் வழியே வருகிறது. எண்ணெய் ஒரு குழாயில் வெளியே போக, தண்ணீர் இன்னொரு குழாயில் உள்ளே வருகிறது. 2011இல் எண்ணெய்த் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் 16 அன்று, விடுதலையின் இருபதாம் ஆண்டு நாளில், காவல்துறை சுட்டதில் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2022 ஜனவரி 2 அன்று, அதே ஊரில் மக்கள் மறுபடி தெருவுக்கு வந்தார்கள். அங்கே பெரும்பாலான கார்கள் ஓடுவது திரவ எரிவாயுவில். விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் லிட்டர் விலை 60 தெங்கேயிலிருந்து (தெங்கே அந்நாட்டு நாணயம்) 120 ஆனது. எரிபொருள் விளையும் மண்ணில் வாழ்பவர்களுக்கே எரிபொருள் கட்டுப்படியாகாத நிலையை எப்படி அவர்கள் ஏற்றிருக்க முடியும்? போராட்டம் சில நாட்களில் அல்மாத்தி வரை பரவி, அங்கே நகர நிர்வாகக் கட்டடம் எரிந்தது. ரஷ்யா தலைமையிலான கூட்டுப் படை வந்து இறங்கியது, எச்சரிக்கையின்றிச் சுட டோகாயெவ் ஆணையிட்டார். அரசுக் கணக்கின்படியே இறந்தவர்கள் 238 பேர். நசர்பாயெவ் பாதுகாப்புக் குழுத் தலைமையை இழந்தார். அதே ஆண்டில் தலைநகர் மீண்டும் அஸ்தானா ஆனது, ஒருவர் ஏழாண்டுகள் கொண்ட ஒரே முறைதான் அதிபராக இருக்கலாம் என்றும் விதிக்கப்பட்டது.

பொருளாதாரத்தில் நல்லதும் நடந்திருக்கிறது. எண்ணெய் வருவாயைச் சேமிக்க 2000ஆம் ஆண்டிலேயே தேசிய நிதியம் அமைத்தது முன்யோசனையான செயல். உலக யுரேனியத்தில் சுமார் 40 விழுக்காடு இங்கிருந்துதான் வருகிறது, வடக்கே கோதுமை விளைகிறது. ஆனாலும் எண்ணெய் விலை சரிந்தால் சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பும் சரிகிறது. 2015 ஆகஸ்டில் தெங்கேயைச் சந்தையின் போக்கில் விட்டபோது, 188 தெங்கேயாக இருந்த டாலர் ஒரே நாளில் 255ஐ எட்டியது.

தெங்கிஸ் ஒப்பந்தம் 2033இல் முடிகிறது. கஷகான், கரசகனாக் வயல்களின் உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களின் முழு வாசகம் இன்றுவரை மக்கள் பார்வைக்கு வைக்கப்படவில்லை. 1993இல் இல்லாத அனுபவமும் பொறியாளர்களும் இப்போது அந்நாட்டிடம் இருக்கிறார்கள். அடுத்த பேரம் மூடிய அறையில் நடக்காமல், அத்திராவிலும் ஜனவோசெனிலும் இருப்பவர்கள் விதிமுறைகளைப் படித்துக் கேள்வி கேட்கும்படி நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்கு இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன.